கூப்பிட ஆள் வரும் வரை

— லட்சுமிமா, இன்னா உன் மூட்ட இந்த கனம் கனக்குது? வக்கோலு அடைக்க சொன்னா கல்லு அடைச்சிக்கினு வந்துட்டியா?

— தொடாத கங்கக்கா. அது பாட்டுக்கு அங்க இருக்கட்டும்.

— அய்ய, நான் ஒண்ணும் பிரிச்சி பாக்கல. எல்லக்கல்லு பக்கத்துல கொஞ்சம் நெழலு இருக்குது, நகத்தி வெச்சிட்டு உக்காரலாம்னுதான். தோ பாரு என் மூட்டைய. ஒரு பிடி வக்கோலு, மேல ஒரு கிழிஞ்ச பொடவ. மழ இல்லாத ஊர்ல இருக்கமாட்டோம், போறோம்னு வானத்துக்கு பாவ்லா காட்டத்தானே இது? அதுக்கு இம்மாம் பெரிய மூட்ட எதுக்கு?

— கஞ்சி இன்னும் தொண்டையிலயே நிக்குதுக்கா. உப்பில்லாம எப்பிடித்தான் எல்லாரும் குடிச்சாங்களோ.

— உப்பு போட்டா அது சாப்பாடாயிடும். மழக்கஞ்சின்னா வூடு வூடா பிச்ச எடுத்த கஞ்சி, உப்பில்லாமதான் குடிக்கணும். எல்லாத்தையும் ஒரே அண்டாவுல ஊத்தி கலக்கினோமே, பாத்தியா? உங்க நெசவுக்காரத் தெரு கஞ்சியும் எங்க காலனி கஞ்சியும் ஒண்ணாப் போச்சி. மத்த நாள்ல எங்க சொம்புல தண்ணி வாங்கி குடிப்பாங்களா உங்க தெருவுல? மழ இல்லன்னாதான் இதெல்லாம் நடக்குது.

— இல்லன்னு சொல்லலக்கா.

— உன்ன சொல்லலம்மா. ஆனா ஒப்பாரிக்கு இன்னிக்கி நீதான் மொத ஆளு. ஏரி நடுவுல உக்காந்துகினு எல்லாரும் மாரடிக்க சொல்லோ எனக்கு சிரிப்பு சிரிப்பா வந்துச்சி. செல்லியம்மா மூக்க மட்டும் சிந்துது, கண்ணுல ஒரு சொட்டு இல்ல. நீ நெசமாவே அழுத.

— புழுதி. ஏரி பூரா வெடிச்சி கெடக்குதே, கண்ணுல பட்டுடுச்சி.

— சரி, புழுதின்னே வெச்சிக்குவோம். ஐப்பசி பூரா ஒரு தூறல் இல்ல, கார்த்திகையும் பொறந்துடுச்சி. ஆவணில நாத்து வுட்டவன் எல்லாம் மாட்ட வுட்டு மேச்சிட்டான். ஆனா ஒண்ணு சொல்லவா? உங்க தெரு பொம்பளைங்க மழைக்கு ஒப்பாரி வெக்கிறத பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்குது. தெருவுல பாவு நூல நீட்டி காய வெக்க முடியலன்னு மழைய திட்டற சனம் ஆச்சே நீங்க.

— கெணத்துல தண்ணி இல்லக்கா. குடிக்கவே இல்ல. இப்ப யாரு திட்டப்போறாங்க?

— அதுவும் சரிதான். தோ, ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா வர்றாங்க. வள்ளி புருசன் சொம்ப தூக்கிக்கினு மொத ஆளா ஓடியாறான் பாரு. பொண்டாட்டி கையில தண்ணி ஊத்தி, 'மழ வரும், வூட்டுக்கு வா'ன்னு வாய் தெறந்து கூப்புடணும். அப்பதான் மூட்டைய தூக்கிக்கினு திரும்பலாம்.

— தெரியும். ஒம்பது வருசத்துக்கு முன்னாடி நானும் தானே வந்தேன்.

— அந்த வருசம் நடந்த கூத்து! டிவில கிரிக்கெட்டு பாத்துக்கினு ஆம்பளைங்க எல்லாம் நம்மள மறந்தே பூட்டாங்க. கொசுக்கடில வெளக்கு வெக்கிற நேரம் வரைக்கும் உக்காந்திருந்தோம். உன் வூட்டுக்காரரு மணிவண்ணன் ஒருத்தருதான் டைமுக்கு வந்தாரு. உன் பேருல முன்பாதிய மட்டும் சொல்லி 'மஹா, மழ வரும், வா'ன்னு அவ்ளோ பாசமா கூப்ட்டாரே, நாங்க எல்லாம் உன்ன வெச்சி என்னா ஓட்டு ஓட்டினோம்.

— அக்கா, அத பேசாத.

— சரி, பேசல. அய்யய்ய, இங்க பாரேன், செல்லியம்மா கையில போனு! மெட்ராஸ்லேர்ந்து மவன் வீடியோல கூப்புடறான். 'மழ வரும், வாம்மா'ன்றான். கையில தண்ணிய யாருடா ஊத்தறது? அதுவே பாட்டில்லேர்ந்து ஊத்திக்குது பாரு. கலிகாலம்!

— உன்ன யாருக்கா கூப்புடுவாங்க?

— என்னையா? அவரு போயி ஏழு வருசமாச்சி. புள்ள ஓசூர்ல இருக்கறான். எல்லாரும் போன பின்னாடி நானே எழுந்து போய்க்கினே இருப்பேன். கூப்புட ஆளில்லாதவள வானம் ஒண்ணும் சொல்லாது.

— அஞ்சே முக்காலுக்கு காஞ்சிபுரம் பஸ்ஸு இருக்குது இல்ல?

— இருக்குது, மாகறல்லேர்ந்து வர்ற வண்டி. நீ எதுக்கு அத கேக்கற?

— நான் போறேன்க்கா.

— எங்க?

— பாவ்லா இல்ல, நெசமாவே போறேன். மூட்டைல வக்கோலு இல்ல. அஞ்சு பொடவ இருக்குது, ஆதார் கார்டு இருக்குது, என் பிரசர் மாத்தர இருக்குது. ஒரகடத்தாண்ட கம்பெனி பொண்ணுங்க ஹாஸ்டல் ஒண்ணுல சமையலுக்கு ஆளு கேட்டாங்க. இன்னிக்கி ராத்திரிக்குள்ள வந்துடறேன்னு சொல்லிட்டேன்.

— அடிப்பாவி! ஊருக்கே தெரிஞ்சி, மேளம் அடிச்சி, மழக்கஞ்சி குடிச்சிட்டு புருசன வுட்டு போறவ நீ ஒருத்திதான்டி!

— அவரு வந்து வாய தெறந்து 'வா'ன்னு ஒரு வார்த்த சொன்னா திரும்பிடுவேன். சொல்லலன்னா பஸ் ஏறிடுவேன். காலைல கஞ்சிக்கு அடுப்பு மூட்டும்போதே முடிவு பண்ணிட்டேன்.

— இன்னுமா உன்கிட்ட பேசாம இருக்கறாரு?

— தை மாசம் என் பொண்ணு கீர்த்தி உன் புள்ள விமல்ராஜ் கூட போயி ஓசூர்ல தாலி கட்டிக்கினா. அன்னிக்கி மூடின வாய்தான். தை போச்சி, மாசி மகம் போச்சி, பங்குனி உத்திரத்துக்கு கோயிலுக்கு போனோம், எனக்கு முன்னாடி பத்து அடி தள்ளி நடக்கறாரு. சித்திர வெய்யில்ல கரண்டு இல்லாத ராத்திரில ரெண்டு பேரும் முழிச்சிக்கினே கெடந்தோம், 'புழுக்கமா இருக்குது'ன்னு ஒரு வார்த்த வரல. ஆடில அம்மனுக்கு கூழு ஊத்தினோம். அங்கயும் இல்ல. பத்து மாசம்க்கா.

— எல்லாம் என் புள்ளயால வந்தது.

— அப்பிடி பேசாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? விமல் தங்கமான புள்ள. நான் தெரிஞ்சேதான் அனுப்பினேன். கல்யாணப் பொடவைய நானே மடிச்சி அவ பையில வெச்சேன். அவருகிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. தெரிஞ்சா தடுத்துடுவாருன்னு பயம். அது என் தப்பு. அதுக்கு கால்ல வுழுந்து மன்னிப்பும் கேட்டுட்டேன்.

— ஒண்ணு யோசிச்சி பாரும்மா. உங்க தெருவுல வேற ஒருத்தன் வூட்ல இது நடந்திருந்தா என் குடிசைய கொளுத்தியிருப்பான். உன் வூட்டுக்காரரு ஒரு சுடுசொல்லு சொல்லல. நாலு பேரு கூடி வந்து தூண்டிவுட்டப்பகூட எழுந்து தறிக்கு போயிட்டாரு. நானே கேள்விப்பட்டேன்.

— எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அடிக்கல, திட்டல, குடிக்கல, நல்ல மனுசன்னு. பத்து மாசம் அந்த நல்ல மனுசன் கூட ஒரே தறில உக்காந்து பாருங்க, தெரியும்.

— ஒரே தறிலயா? பேசாம எப்பிடி நெய்யறீங்க?

— கோர்வ பொடவன்னா கர வேற, உடல் வேற, நெய்ய ரெண்டு பேரு வேணும். அவரு உடல் நெய்வாரு, நான் பக்கத்துல உக்காந்து கரைக்கு நூலு ஓட்டற நாடாவ போடணும். முன்னெல்லாம் 'போடு மஹா, நிறுத்து மஹா'ன்னு சொல்லிக்கினே இருப்பாரு. நடுவுல ஊர் கத, கோயில் கத, கீர்த்தி படிப்பு, எல்லாத்தையும் பேசிக்கினே நெய்வோம். இப்ப நெகத்தால தறிக்கட்டைய தட்டறாரு. ஒரு தட்டு தட்டினா நாடா போடணும். ரெண்டு தட்டினா நிறுத்தணும். மாட்டுக்குக்கூட 'ஹை'ன்னு ஒரு சத்தம் குடுப்பாங்க இல்ல? எனக்கு கட்டைய தட்டறாரு.

— கடவுளே.

— இருபத்திரண்டு வருசம்க்கா. அவரு தோளு என் தோள்ல இடிக்கும், அவ்ளோ கிட்ட. சோறு போட்டா தின்னுடறாரு. ஜொரம் வந்தா மாத்தர வாங்கியாந்து ஜன்னல் மேல வெக்கிறாரு. பேச்சு மட்டும் கெடையாது. நான் செத்தா கூட தட்டித்தான் எழுப்புவாருன்னு நெனைக்கிறேன்.

— சீ, வாய கழுவு. கீர்த்திக்கு அஞ்சு மாசம், அத சொன்னியா இல்லயா? தாத்தா ஆவப்போறேன்னு தெரிஞ்சா எந்த மனுசனும் எறங்கி வருவான்.

— போன வாரம் சொன்னேன். தறில உக்காந்துகினு, அவரு மூஞ்ச பாக்காம, கரைய பாத்து சொன்னேன். 'கீர்த்தி முழுகாம இருக்கறா, அஞ்சு மாசம், கொழந்த நல்லா இருக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க'ன்னு.

— அவரு இன்னா சொன்னாரு?

— தட்டறத நிறுத்திட்டாரு. அன்னிக்கி பூரா ஒரு தட்டு தட்டல. பொழுது சாயற வரைக்கும் தறிக்குழில கால வெச்சிக்கினு சும்மா உக்காந்திருந்தாரு. நானும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். இதோ பேசுவாரு, இதோ பேசுவாருன்னு. காலைல எழுந்து வந்து உக்காந்தாரு. ஒரு தட்டு தட்டினாரு. அப்பதான்க்கா எனக்கு வுட்டுப்போச்சி.

— லட்சுமிமா.

— பேரன் பேத்தி வருதுன்னு சொல்லியும் வாய் தெறக்காதவரு இனிமே எதுக்கு தெறப்பாரு? நான் எதுக்காக காத்திருக்கணும்? அங்க போனா நூறு பொண்ணுங்க, 'ஆன்ட்டி, இட்லி, ஆன்ட்டி, சாம்பாரு'ன்னு கூப்புட்டுக்கினே இருக்கும். எனக்கு அது போதும்.

— நீ போயிட்டா கோர்வைக்கு யாரு உக்காருவா?

— வேற ஆள தட்டட்டும்.

— கோவத்துல பேசற. சரி, கோவப்படு, உனக்கு நெறைய கோவம் இருக்கணும். ஆனா என்னையும் நெனச்சி பாரு. நீ போயிட்டா நாளைக்கி ஊரு இன்னா சொல்லும்? கங்கையம்மா புள்ள அந்த வூட்டுப் பொண்ண இட்டுக்கினு போனான், கங்கையம்மா அந்த வூட்டம்மாவ கெளப்பி வுட்டுட்டாள்னுதான் சொல்லும். இருபது வருசமா என்ன 'கங்கா, கங்கா'ன்னு பேர் சொல்லி கூப்ட்டவ, இந்த பத்து மாசமாத்தான் 'அக்கா'ன்ற. உன் தெருவுல என் மூஞ்ச பாத்து பேசற ஒரே ஆளு நீ. நீயும் பூட்டா நான் யாரு கிட்ட போயி கீர்த்தி எப்பிடி இருக்கறா, வாந்தி நின்னுச்சான்னு பேசிக்கினு இருப்பேன்?

— அழாதக்கா. நீ அழுதா என்னால பஸ் ஏற முடியாது.

— அதுக்குத்தான் அழறேன்.

— எல்லாரும் போயிட்டாங்க பாரு. நம்ம ரெண்டு பேருதான். மணி இன்னா?

— அஞ்சரை ஆவுது. வருவாரு. சொம்பு தேடிக்கினு இருப்பாரு. நீ இல்லாம வூட்ல எது எங்க இருக்குதுன்னு அந்த மனுசனுக்கு தெரியுமா?

— எல்லார் வூட்லயும் வந்துட்டாங்க. இவரு வரமாட்டாருக்கா. வந்தா பேசணும் இல்ல?

— இரு. ஏரிக்கர மேல யாரோ வர்றாங்க. வெள்ள வேட்டி. லட்சுமிமா, அவருதான்! கையில சொம்பு இருக்குது!

— மூட்டைய என் பக்கம் தள்ளுக்கா. வாய தெறக்கறாரான்னு பாப்போம்.

— தண்ணி எல்லாம் வழியில சிந்திக்கினே வர்றாரு பாவம். வாங்க, வாங்கய்யா. தோ உக்காந்திருக்குது பாருங்க உங்க வூட்டம்மா. கைய நீட்டும்மா, தண்ணி ஊத்தறாரு. நீட்டு.

— நீட்டிட்டேன்.

— ஊத்திட்டாரு. இப்ப சொல்லுங்கய்யா. மொறையே அதுதான். ஊரெல்லாம் சொல்லிட்டாங்க, நீங்கதான் கடசி. இன்னாங்கய்யா, ஏன் சொம்ப தட்டறீங்க?

— பாத்தியாக்கா? பாத்தியா? இங்கயும் தட்டறாரு.

— ஐயா, நான் சொல்றத கேளுங்க. அந்த மூட்டைல வக்கோலு இல்ல. அது பஸ்ஸுக்கு போறதுக்கு கட்டினது. ஒரு வார்த்த சொல்லிடுங்க.

— தட்டாதீங்க. நான் தறில இல்ல. வாய தெறந்து கூப்ட்டா வர்றேன். இல்லன்னா பஸ் சத்தம் கேக்குது, நான் போறேன். பத்து மாசம் உங்க பக்கத்துலயே உக்காந்திருந்தேன், இதுக்கு மேல என்னால முடியல. கங்கக்கா, கைய வுடு.

— வுடமாட்டேன். உக்காரு. ஐயா, உங்கள கையெடுத்து கும்புடறேன். என் மேல கோவம்னா என்ன திட்டுங்க, என் புள்ளய திட்டுங்க. நான் எழுந்து இப்பிடியே போயிடறேன், நீங்க ரெண்டு பேரும் தனியா பேசிக்கோங்க.

— நீ எங்கயும் போவாதக்கா. பேசறவரா இருந்தா உன் முன்னாடியே பேசட்டும்.

— இரும்மா, இரு. வாயி அசையுது. கம்னு இரு, ஏதோ சொல்ல வர்றாரு.

— சம்பந்தியம்மா, நீங்களும் கைய நீட்டுங்க, இன்னும் கொஞ்சம் தண்ணி இருக்குது. மழ வரும், ரெண்டு பேரும் நம்ம வூட்டுக்கு வாங்க.