மைனஸ் பதினஞ்சுல உருகின ஐஸ்

ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன், தங்கச்சிகளா...

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு காலேஜ். அங்க ஆய்வுக்கூடத்துல ஜெபக்கனின்னு ஒரு பொண்ணு. டிப்ளமோ படிச்சவ, தற்காலிக வேலை. ஒரு பொருள் எந்தச் சூட்டுல உருகுதுன்னு காட்டுற மெஷின் அவ பொறுப்பு.

ஒரு நாள் பேராசிரியர் சங்கரநாராயணன் ஒரு வெள்ளைப் பவுடரைக் குடுத்தார். சாதாரணப் பவுடர் இல்ல... ஒவ்வொரு துகள்லயும் கண்ணுக்கே தெரியாத கோடிக்கணக்கான ஓட்டை! அந்த ஓட்டைக்குள்ள தண்ணிய ஊற வெச்சு, உறைய வெச்சு, மெல்ல மெல்லச் சூடாக்கினா ஜெபக்கனி. ஐஸ் எப்ப உருகணும்? சொல்லுங்க... பூஜ்ஜியம் டிகிரியில! ஆனா அது மைனஸ் பதினஞ்சுலயே உருகிடுச்சு.

பேராசிரியர் கொதிச்சுட்டார்.

"ஏம்மா, மைனஸ் பதினஞ்சுல எங்கயாவது ஐஸ் உருகுமா? மெஷினக் கெடுத்து வெச்சிட்டியே!"

"இல்ல சார், நான் சரியாத்தான்..."

"பேசாத!"

கையோட புகார்க் கடிதம் எழுதிட்டார். மறுநாள் பிரின்சிபால் மேஜைக்குப் போகும். போனா... வேலை போச்சு.

அவ என்ன செஞ்சா? அழுதா. ஆமா, பாத்ரூம்ல போய் அஞ்சு நிமிஷம் அழுதா. முகத்தக் கழுவிட்டு வந்து நின்னா.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார். நீங்களே பக்கத்துல உக்காந்து பாருங்க."

முதல்ல வெறும் தண்ணிய உறைய வெச்சா. உருகிச்சு... எங்க? சரியா பூஜ்ஜியத்துல! அப்புறம் அந்தப் பவுடர். மைனஸ் பதினஞ்சு. இன்னொரு தடவ... அதே மைனஸ் பதினஞ்சு!

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள மாட்டுன ஐஸ்தான் சீக்கிரமே உருகுது."

பேராசிரியர் எழுந்து போய்ப் புத்தகத்தப் புரட்டினார். இருக்கு! நுண்ணிய ஓட்டைக்குள்ள இப்படித்தான் நடக்கும்னு அச்சுல இருக்கு. கடிதத்தக் கிழிச்சார்.

"மன்னிச்சிரும்மா... படிச்சவன், பாக்காமப் பேசிட்டேன்."

அந்தப் பவுடரப் பத்தி அவர் எழுதின ஆய்வுக் கட்டுரையில அவ பேரும் வந்துச்சு.

இத ஏன் இங்க சொல்றேன்? நாளைக்கு நீங்களும் வேலைக்குப் போவீங்க. உங்களவிடப் பெரிய படிப்பு படிச்ச ஒருத்தர், 'உன் கைதான் தப்பு'ன்னு சொல்லுவார். அழுகை வந்தா அழுங்க, தப்பே இல்ல. ஆனா அழுதுட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடாதீங்க! செஞ்ச வேலைய அவர் கண் முன்னால திரும்பச் செஞ்சு காட்டுங்க. உங்க தப்புன்னா ஒத்துக்குங்க... தப்பு இல்லன்னா, யாருக்காகவும் ஒத்துக்காதீங்க!