மூன்று சிகரங்களின் கொல்லைப்புற வழி

காலை ஐந்தரை. அலாரம் அடித்தது. எழுந்தான். பல் தேய்த்தான். முகம் கழுவினான். துண்டு ஈரமாக இருந்ததால் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். முட்டை வேகவைத்தான். இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்தான். அவனுடையது நீல பிளாஸ்டிக், அவளுடையது எவர்சில்வர். அவள் சுவர் பக்கம் திரும்பி நின்று, டம்ளரில் ஊறிக்கிடந்த கட்டுப்பல்லை எடுத்து வாயில் மாட்டினாள். டிக். அதன் பிறகுதான் இவன் பக்கம் திரும்பினாள்.

“போலாமா?”

கதவைப் பூட்டினார்கள். வெளியே ஒரே ரோடு. வண்டி இல்லை, வாசல் பெருக்கும் சத்தம் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. மலையடியில் போய் முட்டி நிற்கிற ரோடு அது. இன்று சாயங்காலம் நாமெல்லாம் வந்தோமே... அதே ரோடுதான்.

இது என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரனுக்கு நடந்தது. எங்கள் வயதுதான். அதனால் அவன் இவன் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. மாமனார் வீட்டில் அவனுக்குப் பெயரே பல்செட்டு. ஒரு கையில் யாரோ ஒரு கிழவரின் வாயில் அழுத்தி எடுத்த அச்சு, அதில் எச்சில் இன்னும் காய்ந்திருக்காது. மறு கையில் பன். கடித்துக்கொண்டே வேலை செய்வான். முகம் சுளிக்கவே தெரியாத ஆள். சாக்கடை அடைத்துக்கொண்டால் தெருவில் அவனைத்தான் கூப்பிடுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்று போகப்போகத் தெரியும்.

அவளுக்கு முன்பல் ஒன்று சைக்கிளிலிருந்து விழுந்ததில் போய்விட்டது. கழற்றி மாட்டுகிற கட்டுப்பல்லை இவனே செய்து கொடுத்தான். ரோஸ் நிறத் தகடு, ஒற்றைப் பல், பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிக் கொக்கி. ஆனால் அதைக் கழற்றிய வாயை அவள் இவனுக்குக் காட்டினதே இல்லை.

“செஞ்சவன்கிட்டயே மறைக்கிறியே?” என்பான்.

“செஞ்சவருக்குப் பல்லு தெரிஞ்சா போதும். ஓட்டை தெரிய வேண்டாம்.”

அப்படிப் பேசுகிறவள். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுவாள். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இன்றைக்கும் அவன் மண்டையைப் போட்டுக் குடைவது ஒரே ஒரு கேள்விதான். அன்றைக்கு மலையில் அவள் பேசியதில்... எது வரைக்கும் அவள் பேசினாள்?

மூன்று சிகரங்கள். ஊரில் பெரியவன், நடுவன், கடைக்குட்டி என்று சொல்வார்கள். முன்பக்கம் செங்குத்துப் பாறை. கயிறு, ஆணி, தலைக்கவசம் என்று அதற்குத் தனிக் கூட்டம் வரும். பின்பக்கம் புல் சரிவு. ஒற்றையடிப் பாதை மூன்றையும் தொட்டுக்கொண்டு அந்தப் பக்கத்து ரோட்டில் இறங்கிவிடும். கயிறு வேண்டாம். முட்டிவலிக்காரன்கூட ஏறலாம். கொல்லைப்புற வழி என்று பெயர்.

“ரொம்ப ஈஸி. சும்மா நடக்கிறதுதான்” என்றான் இவன்.

“கல்யாணத்தப்பவும் இதைத்தான் சொன்னீங்க” என்றாள்.

நடப்பதில் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. இவன் முன்னால், அவள் பின்னால். திரும்பிப் பார்க்கக் கூடாது. “மாடு ஓட்டறவன் மாதிரி திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க, எனக்கு மூச்சு வாங்குது” என்று முதல் வருஷமே சண்டை போட்டுவிட்டாள். அதிலிருந்து கைத்தடிதான் பேச்சு. இவன் பாறையில் இரண்டு தட்டு தட்டுவான். அவள் பின்னாலிருந்து இரண்டு தட்டுவாள். இருக்கிறேன், வருகிறேன் என்று அர்த்தம். நின்ற இடத்திலிருந்து அவளாகத் தட்டினால், கிளம்பலாம் என்று அர்த்தம். தண்ணீர் வேண்டுமென்றால் இவன் கையைத் தோளுக்குப் பின்னால் நீட்டுவான், பாட்டில் வந்து உட்காரும். உட்கார்ந்தால் முதுகோடு முதுகு சாய்ந்துகொள்வார்கள். அங்கே சாய வேறென்ன இருக்கிறது?

பெரியவன் மேல் ஏறும்போது வெயில் இருந்தது. அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, கரன்ட் பில், இவனுடைய நடை. “பின்னாடி இருந்து பாத்தா வாத்து மாதிரியே இருக்கீங்க.” உச்சியில் ஆளுக்கொரு கொய்யாப்பழம் தின்றார்கள். இறங்கினார்கள்.

பெரியவனுக்கும் நடுவனுக்கும் நடுவில் ஒரு பள்ளம். அதில் ஒரு குட்டை. குட்டை என்றுகூடச் சொல்லக் கூடாது. ஒரு சாண் தண்ணீர். மேலே பச்சையாக ஏடு படிந்து கிடந்தது. அதற்குள் மேகம் இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியாத வெள்ளை.

“கொய்யா விதை தகட்டுக்கு அடியில போயிடுச்சு. குத்துது. கழுவிக்கிறேன்” என்றாள்.

“இந்தத் தண்ணியிலயா?”

“உங்க வேலையைவிட இது சுத்தம்.”

இன்னொன்றும் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வாயைப் பார்க்க விடமாட்டாள், அதுதான் தெரியுமே. கல் ஒன்று புரண்ட சத்தம். தண்ணீர் சளப்பென்றது. பிறகு கொப்பளிக்கிற சத்தம். களக்... களக்... களக்... நீளமாக. தொண்டைக்குள்ளிருந்து. அவ்வளவு நேரம் யாராவது கொப்பளிப்பார்களா? இவனுக்கே, எச்சிலோடு பன் தின்கிற இவனுக்கே, முகம் கோணியது. ‘என்ன அசிங்கம் இது’ என்று நினைத்தான். வாய்விட்டும் சொன்னான்: “போதும்டி, குடலே வந்துடும்.”

சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. காற்றுகூட இல்லை.

பிறகு... டொக். டொக்.

இவன் நடக்க ஆரம்பித்தான்.

நடுவன் ஏற்றம் கொஞ்சம் நீளம். இவன் தட்டினான், பின்னாலிருந்து தட்டு வந்தது. சரியாக இரண்டு. ஆனால் பேச்சு இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டான். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. ஷூவுக்குள் தண்ணீர் போனால் வருமே, சொதக் சொதக் என்று, அது. கூடவே ஒரு நாற்றம். பூ ஜாடித் தண்ணீரை மாற்ற மறந்துவிட்டு, பத்து நாள் கழித்துக் கவிழ்த்தால் வருகிற நாற்றம். குட்டையில் காலை விட்டிருப்பாள் என்று நினைத்தான்.

“கால் நனைஞ்சிடுச்சா?”

“சரிங்க.”

கேட்டதற்குப் பதில் இல்லை அது. ஆனால் மூச்சு வாங்க ஏறுகிறவன் அதையெல்லாம் எடை போடுவானா?

உச்சியில் உட்கார்ந்தார்கள். முதுகோடு முதுகு. சாய்ந்த உடனே இவன் சட்டை நனைந்தது. வியர்வை இல்லை. வியர்வை சூடாக இருக்கும். இது ஜில்லென்று, கொழகொழவென்று, பனியனைத் தாண்டித் தோலில் வந்து ஒட்டியது. சாய்ந்த முதுகும் சரியில்லை. ஊறின ரொட்டியை அழுத்தினால் அமுங்குமே, திரும்ப எழும்பாதே... அப்படி அமுங்கியது.

இவன் ஒரு முட்டையை உரித்துப் பின்னால் நீட்டினான். அது கையிலிருந்து போனது. மெல்லுகிற சத்தம் கேட்டது. பல் படாத மெல்லல். சப்... சப்... என்று, வாய்க்குள்ளேயே உருட்டி உருட்டி. நிற்கவே இல்லை. ஒரு முட்டையை எவ்வளவு நேரம் மெல்லுவது? கட்டின பொண்டாட்டியை நினைத்துக் குமட்டியது அன்றைக்குத்தான் முதல்முறை என்று நண்பனிடம் சொன்னானாம். சொல்லும்போது அழவில்லை. கையை மட்டும் வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தானாம்.

“என்னடி இது, ஒட்டுது. தள்ளி உக்காரு.”

“சரிங்க.”

முதுகு விலகியது. விலகும்போது ஈர ஸ்டிக்கரை உரிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

எந்த ஊரில் பொண்டாட்டி ஒரே நாளில் இரண்டு தடவை சரிங்க என்கிறாள்? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இவனும் அப்போது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பயம் வரவில்லை. எரிச்சல்தான். மூன்றையும் முடித்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்து, இவளைச் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் மனசில்.

கடைக்குட்டி மேல் ஏறும்போது இவன் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கையைத் தோளுக்குப் பின்னால் நீட்டினான். எவர்சில்வர் பாட்டில் வந்து உட்கார்ந்தது. கொடுத்த விரல் இவன் விரல் மேல் பட்டது. துணி ஊறவைத்த வாளியில் நாள் முழுக்கக் கிடந்த விரல் மாதிரி, சுருங்கி, வழுவழுவென்று. பட்டதும் தோல் கொஞ்சம் நகர்ந்தது. இவன் தோல் இல்லை. அந்த விரலுடையது.

குடித்தான். என்ன செய்வான், தாகம். தண்ணீர் கெட்டியாக இருந்தது. ஒரு இழை நாக்கில் சுற்றியது. பாசி என்று துப்பினான். வெளியே வரவில்லை. விரலை விட்டு இழுத்தான். இழுக்க இழுக்க வந்தது. நீளமான ஒற்றை முடி.

“தலைமுடியைக் கட்டிக்கிட்டு வரக்கூடாதா?”

“சரிங்க.”

மூன்றாவது சிகரத்தில் அவன் உட்காரவே இல்லை. நிறையப் பேர் அங்கே கல்லடுக்கி வைத்திருப்பார்கள், நாளைக்கு நீங்களும் பார்ப்பீர்கள். தானும் ஒரு கல்லை வைத்தான். ஈஸியாக மூன்றையும் முடித்தாயிற்று. “முடிச்சிட்டோம்டி” என்றான். டொக், டொக். அவ்வளவுதான்.

இறங்கினான். மேகம் விலகிச் சாயங்கால வெளிச்சம் வந்தது. கீழே தார் ரோடு தெரிந்தது. ரோட்டுக்கு வந்துவிட்டால் அவள் ஓடி வந்து பக்கத்தில் நடப்பாள், கையைப் பிடித்துக்கொள்வாள். எப்போதும் அப்படித்தான். இவன் ரோட்டில் கால் வைத்தான். காத்திருந்தான். யாரும் பக்கத்தில் வரவில்லை. தடியால் தாரில் தட்டினான். பின்னாலிருந்து பதில் வந்தது. ரொம்பப் பக்கத்தில். பிடரிக்குக் கீழே ஈர மூச்சு மாதிரி ஒன்று.

வாய் வறண்டுவிட்டது. பாட்டில் இன்னும் கையில்தான் இருந்தது. யோசிக்காமல் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தான்.

டிக்.

ஏதோ பல்லில் வந்து இடித்தது. வாய்க்குள் விழுந்தது. நாக்கு தடவிப் பார்த்தது. வழவழப்பான தகடு. ஒற்றைப் பல். ஒரு கம்பிக் கொக்கி... அந்த வளைவு. அவன் குறடால் வளைத்த வளைவு. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவனுக்குத் தெரியும்.

அந்த இடத்தில் திரும்பியிருக்கலாம். நீங்கள் என்றால் திரும்பியிருப்பீர்களோ என்னவோ. அவன் கழுத்து திரும்பவில்லை. வாயில் அதோடேயே ஓடினான். துப்பக்கூடத் தோன்றவில்லை. ரோட்டோரத்தில் ஒரு கடை, ஒரு பல்பு. கடைக்காரர் கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். இவனைப் பார்த்தார். பிறகு இவன் தோளுக்கு மேலே பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“சார், நீங்க உள்ள வாங்க” என்றார். “அவங்க... அவங்க வெளியவே நிக்கட்டும்.”

இவன் அங்கேயே வாந்தி எடுத்தான். முதலில் பச்சைத் தண்ணீர். பிறகு அந்தப் பல்.

மறுநாள் காலையில் ஆட்கள் போய்த் தேடினார்கள். நடுவன் மேல் இல்லை, கடைக்குட்டி மேல் இல்லை. அந்தப் பள்ளத்தில் இருந்தாள். ஒரு சாண் தண்ணீரில், முகம் கவிழ்ந்து. பாசிக்கல் வழுக்கி நெற்றியில் அடிபட்டிருந்தது. அவளுடைய கைத்தடி அவள் உடம்புக்கு அடியில். முன்பல் இல்லை. நேற்றுக் காலையிலேயே போன உயிர் என்று டாக்டர் சொன்னார். தலை மூழ்காத தண்ணீரில் சாக எவ்வளவு நேரம் ஆகும் என்று இவன் கேட்டானாம். டாக்டர் சொன்னாராம். எவ்வளவு நேரம் கொப்பளிப்பாளோ, அவ்வளவு நேரம்.

டாக்டருக்குக் கொப்பளித்த கதை தெரியாது. அவர் வேறு ஏதோ வார்த்தைதான் சொல்லியிருப்பார். இவன் காதில் விழுந்தது அதுதான்.

அந்த எவர்சில்வர் பாட்டில் மேலே எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. முட்டையை யார் தின்றது? தெரியாது. கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார், கேட்கவும் ஆள் இல்லை.

இவன் இப்போது மாமியார் வீட்டில்தான் இருக்கிறான். வேலைக்குப் போகிறான். பன் தின்பதில்லை. கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்கிறான். பின்னாலிருந்து கூப்பிட்டால் எழுந்து, நேராக நடந்து, சுவரைத் தொட்டுவிட்டு, பக்கவாட்டில் நகர்ந்து வருகிறான். தலையை மட்டும் திருப்புவதே இல்லை. மாமியார்தான் சட்டை துவைக்கிறார். எந்தச் சட்டையாக இருந்தாலும் முதுகுப் பக்கம் மட்டும் ஈரம். பச்சையாக, கொழகொழவென்று. முதலில் கையால் தேய்த்தாராம். இப்போது குச்சியால் எடுத்துப் போடுகிறார். “பெத்த பொண்ணுதான்... ஆனா என்னால தொட முடியலடா” என்று என் நண்பனிடம் சொன்னாராம்.

நண்பன் ஒரு நாள் கோபத்தில் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். “ஒரு தடவை திரும்பிப் பாத்துத் தொலைங்க அத்தான். ஒண்ணும் இருக்காது. எத்தனை நாளைக்கு இப்படி?”

அப்போதுதான் அவன் கணக்குப் போட்டு முடித்ததைச் சொன்னான். சரிங்க எல்லாம் அவள் இல்லை. தட்டியது அவள் இல்லை. நடுவன் மேல் சாய்ந்தது அவள் இல்லை. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் அந்தக் குட்டையில் வந்து நிற்கிறது. கட்டுப்பல்லைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு, காற்றுப் போகிற வாயோடு, இவன் முதுகுக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

“நான் சொல்றவரைக்கும் திரும்பிப் பாக்காதீங்க.”