எட்டு மணி முறை

இரவு எட்டு மணி. கீழே முகாம், மேட்டில் ஒரு தகரக் கொட்டகை, நடுவில் தென்னைகளுக்குள் மண் பாதை. வெளிச்சத்தைப் பார்த்துச் சுடுகிறவர்கள் இருந்ததால் டார்ச் அடிக்கக் கூடாது. அந்தப் பாதையில்தான் தினமும் தனியாக ஏறுவான் ரோமெல்... நம் டிண்டோவின் சித்தி மகன், தெற்கே ஹோலோ தீவில் பட்டாளத்தில் கார்ப்பரலாக இருந்தவன். நெருங்கி உட்காருங்கள். இது கத்திச் சொல்கிற கதை இல்லை. சிரிக்கிறவன் கதை முடிந்ததும் தனியாக வெளியே போய் வரட்டும், பார்க்கலாம்.

முகாமில் போன் சிக்னல் செத்துக் கிடக்கும். பையன்கள் சம்பளத்தில் போட்டுச் சேர்த்து, மேட்டில் சொந்தமாக, இன்டர்நெட்டுக்கு ஒரு டிஷ் வாங்கி வைத்தார்கள். கொட்டகைக்குள் மோடம், ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். முகம் பார்த்துப் பேசினால் ஒருவனுக்குத்தான் லைன் தாங்கும். இரண்டாவது ஆள் நுழைந்தால் இரண்டு வீட்டிலும் படம் அப்படியே நின்றுவிடும். அதனால் ஆளுக்கு அரை மணி என்று முறை வைத்தார்கள். எட்டு மணி முறை பெனீத்தோவுடையது. அடுத்தது ரோமெல்.

பெனீத்தோவுக்கு நாலு வயதில் ஒரு மகள், ஐவி. அவளைச் சிரிக்க வைக்க அவன் அடிக்கிற கூத்து இருக்கிறதே... சோற்றுக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடுவான். முறை முடிந்தாலும் எழுந்திருக்க மாட்டான். ரோமெல் கதவைத் தட்டுவான். "போதும் அண்ணே, வயித்துப் பிள்ளைக்காரி ஒருத்தி எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா." உள்ளேயிருந்து எப்போதும் ஒரே பதில்தான் வரும். "இன்னும் ஒரு நிமிஷம்டா தம்பி."

அந்த முகாமில் ஒரு விதி உண்டு. எவனாவது செத்தால் உடனே டிஷ்ஷை அணைத்துவிடுவார்கள். எங்கோ கசிந்து, யார் வாயாலோ கேட்டு, வீட்டு ஜனம் இடிந்து போய்விடக் கூடாது. குடும்பத்துக்கு நேரில் போய்ச் சொன்ன பிறகுதான் மறுபடி லைன் திறக்கும்.

ஒரு நாள் மத்தியானம் டிஷ் அணைந்தது. பெனீத்தோ. ரோந்தில் நடந்தபடியே, இன்றைக்கு மகளுக்கு என்ன வேஷம் போட்டுக் காட்டலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தான்... வார்த்தை பாதியில் நின்றது. குண்டு பின்னாலிருந்து வந்தது. வலித்திருக்காது, என்ன நடந்தது என்றே தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

லைன் திறந்த பிறகும் எட்டு மணி முறையை யாரும் எடுக்கவில்லை. செத்தவருக்கு ஒரு தட்டு எடுத்து வைப்போமே, அந்த மாதிரிதான். நாற்பதாம் நாள் பூசை வரை அவன் முறை அவனுக்கே இருக்கட்டும் என்றார் சார்ஜண்ட் பாகாயன். ஒரு கிண்ணம் சோறும் கருவாடும் தானே சுமந்துபோய்ப் பெஞ்சில் வைத்து வருவார்.

ஒரு நாள் ரோமெலின் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. எட்டரை வரை காத்திருக்க அவனுக்கு மனம் கேட்கவில்லை. கிண்ணத்தை நகர்த்திவிட்டு உட்கார்ந்து போனை எடுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து மாமியார் திரையில் வந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பக்கத்துல யாருப்பா? கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு. உன் மூஞ்சி பாதிதான் தெரியுது."

குப்பென்று தைல வாடை... பெனீத்தோ முழங்காலுக்குத் தேய்ப்பானே, அதே தைலம். ரோமெல் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படிக் கீழே வந்து சேர்ந்தான் என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. அன்று இரவு அவனுக்குப் பையன் பிறந்தான்.

மறுநாள் பெனீத்தோவின் மனைவி லுஸ் ரோமெலைப் போனில் கூப்பிட்டாள். "ஐவி ராத்திரி பூரா அழுதா, தம்பி. தெனமும் எட்டு மணிக்கு மேசைக்கு அடியில போய் உக்காந்து அவங்கப்பாகிட்ட பேசுவா. ஏதோ விளையாட்டுன்னு விட்டுட்டேன். நேத்து, அப்பா எடத்துல வேற யாரோ உக்காந்துட்டாங்கன்னு அழறா."

அன்று எட்டு மணிக்கு ரோமெல் உள்ளே போகவில்லை. கொட்டகைக்கு வெளியே குந்திக்கொண்டான். கதவு இடுக்கில் மோடத்தின் பச்சை விளக்கு படபடவென்று துடித்தது. பெஞ்சு கிறீச்சிட்டது... காலியான கொட்டகைக்குள்ளிருந்து பிள்ளையின் குரல் வந்தது.

"எப்பப்பா வருவ?"

பெஞ்சு மறுபடி கிறீச்சிட்டது.

"லீவு குடுத்ததும் வருவேன்னு நேத்தும்தானே சொன்ன..."

எட்டரைக்கு விளக்கு அடங்கியதும் ரோமெல் உள்ளே போனான். லுஸ்ஸைக் கூப்பிட்டு, பிள்ளையிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டான். அவள் சொல்லவில்லை. அடக்கத்தன்று ஐவியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். அப்பா லீவில் வருவார் என்றே சொல்லி வைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் சொன்னவர்கள் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை.

"சொல்லிடுங்க அண்ணி. அவரு காத்துக்கிட்டு இருக்காரு."

"ஒன் புள்ளைக்கு அப்பன் இருக்கான். நீ சொல்லுவ." வைத்துவிட்டாள்.

அது அவனுக்குச் சுட்டது. அவள் சொன்னதில் தப்பும் இல்லை. அதற்குப் பிறகு அவன் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. தினமும் வெளியே உட்கார்ந்து, பிள்ளை அதே கேள்வியைக் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நாற்பதாம் நாளுக்கு முந்தின நாள் சாயந்திரம் லுஸ்ஸிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது. சொல்லிட்டேன்.

எட்டு மணி. பச்சை விளக்கு துடித்தது. பெஞ்சு கிறீச்சிட்டது.

"அப்பா... நீ செத்துட்டியாம்ப்பா."

தென்னை ஓலைகூட அசையவில்லை. பிறகு, பிள்ளையின் குரல் ரொம்ப மெதுவாக...

"அழாதப்பா. எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்."

ரோமெல் சட்டையை வாயில் திணித்துக்கொண்டு அழுதான். எட்டரை ஆயிற்று. அவன் முறை. பிறந்த பையனுக்குச் சட்டை போட்டுக் காட்டக் காத்திருந்தார்கள். அவன் கதவைத் தட்டவில்லை. விளக்கு ஒன்பது மணி வரை துடித்துவிட்டு, அடங்கி நின்றது. உள்ளே போய்ப் பார்த்தான். கிண்ணம் பெஞ்சில் கவிழ்ந்து கிடந்தது. சோறு ஒரு பருக்கை சிந்தவில்லை.

அதன் பிறகு எட்டு மணிக்கு அந்த விளக்கு தானாகத் துடித்ததே இல்லை.

அன்று இரவே லுஸ்ஸுக்கு ஒரு செய்தி அனுப்பினான். போனைப் பிள்ளையிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள், தூங்கட்டும் என்று.

உடனே பதில் வந்தது.

"எந்தப் போன், தம்பி? இது பக்கத்து வீட்டுக்காரங்களோடது. எங்க வீட்டுல இருந்தது ஒண்ணே ஒண்ணு. அத அவரு கைல வெச்சுத்தானே பொதைச்சோம்."