கூப்பிடு தூரம்

கூடாரத்துக்குள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதுகுக்கடியில் கட்டாயம் ஒரு கல் இருக்கும். எந்தப் பக்கம் புரண்டாலும் அதுவும் கூடவே புரளும். ஆனாலும் என் வீட்டுக்காரர் ரெஜினோல்டோடு அப்படிப் படுத்துக் கிடந்த அந்த ஆகஸ்ட் மாதத்தை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கலியாணமான நாளிலிருந்து அவர் தொடர்ந்தாற்போல என் பக்கத்தில் தூங்கியது அப்போதுதான்.

அவர் லொறி டிரைவர். இறக்குவானைப் பக்கத்துத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, அவர் கொழும்பு, தம்புள்ளை, திருகோணமலை என்று ஓடிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வருவார். பிரசங்கத்தில் குறட்டை விடுவார். மத்தியானம் கோழிக்கறியை ஒரு பிடி பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். புருஷன் என்பதைவிட விருந்தாளி என்று சொல்லலாம். நான் குறை சொல்லவில்லை. விருந்தாளியை நன்றாகவே கவனித்தேன். லொறியை விட்ட பிறகு வீட்டோடு இருப்பார் என்று பொறுத்துக்கொண்டேன்.

லொறியை விட்ட மாதமே ஒரு பழைய வேனைக் கொண்டுவந்து தோட்டத்து லய வீடுகளுக்கு முன்னால் நிறுத்தினார்.

"இவ்வளவு நாளா ஒன்னய எங்கயும் கூட்டிட்டுப் போகலையே ரோசு. உடவளவை, ஹோர்ட்டன் சமவெளி, வில்பத்து எல்லாம் பாத்துட்டு வருவோம். கூடாரம் போட்டே தங்கலாம்."

இந்த வயதில் தேனிலவா என்று லயத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் கேலி செய்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டேன்.

பெரிய ரோட்டை விட்டு இறங்கினால் அவருக்குத் திசை தெரியாது. யாரிடமாவது வழி கேட்டால் மீசை உதிர்ந்துவிடும் என்று நினைப்பு. உடவளவையில் பூங்கா வாசலைத் தேடி ஒரே தயிர்க்கடையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைக்காரி எங்களுக்குக் கையாட்டவே தொடங்கிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொலைந்து போவதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

ஜீப்பில் போய் யானைகளைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம், சோறு சாப்பிடும்போது சொன்னார்.

"ஜீப் வச்சிருக்காரே ஸமீம் முதலாளி, அவருகிட்ட பேசிட்டேன். அடுத்த மாசத்துலேருந்து இங்க ஜீப் ஓட்டப்போறேன். தங்குறதுக்கும் ரூம் தர்றாரு. மாசத்துக்கு ஒரு வாட்டி வீட்டுக்கு வருவேன்."

"அப்ப நான் என்னாங்க செய்யிறது?"

"ஒனக்கென்னா புள்ள. தனியா இருந்து பழகிப்போச்சே."

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சம்பல் வைத்தேன். அவ்வளவு அழுகையை நான் என் தாயின் சாவில்கூட அடக்கியதில்லை. உலகத்தில் நான் வேறு எதையும் கேட்டதில்லை. வயதான காலத்தில் இந்த மனுஷன் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத்தான் கேட்டேன். அதையும் மாதாவிடம்தான் கேட்டேன், அவரிடம் அல்ல.

அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். மறுநாள் காலையில் அவர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குள் மூடுபனி வந்து மூடிவிட்டது. என் புதுச் செருப்பே எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பனியில் வழி தவறினவர் "கூ" என்று குரல் கொடுப்பார். கேட்டவர் திருப்பி "கூ" கொடுக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்துவிடுவார். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினவர்கள்கூட இதற்கு மட்டும் பதில் கொடுத்துவிடுவார்கள்.

அவர் குரல் கொடுத்தார். கூப்பிடு தூரம்தான், தெளிவாகக் கேட்டது. அடுத்த தடவை குரல் கொஞ்சம் கீழே, இடது பக்கமாகக் கேட்டது. அந்தப் பக்கம் நிலம் அறுந்து பாறைகளாக இறங்குவதை முந்திய நாளே நான் பார்த்து வைத்திருந்தேன். பதில் சொல்ல என் வாய் திறந்தது, அதை மறைக்க மாட்டேன். பிறகு யோசித்தேன். நான் கூவினால் நேராக என்னிடம் வருவார். வந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உடவளவைக்குப் போய்விடுவார்.

வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் கேன் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, கீழேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பல தடவை கூப்பிட்டார். பனி நன்றாக விலகிய பிறகுதான் போனேன். அவசரப்பட்டு நானும் விழுந்து வைத்தால் அவரை யார் பார்ப்பது?

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு கத்தினேன் ரோசு. காத்து ஒன் பக்கம் அடிக்கல போல. பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

இப்போது ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். நான்தான் குளிப்பாட்டுகிறேன், முகம் வழிக்கிறேன். சாயங்காலம் கடதாசிச் சீட்டு விளையாடுவோம். அவர் கள்ள ஆட்டம் ஆடுவார், நான் தெரியாத மாதிரி இருப்பேன். ஸமீம் முதலாளி வேறு டிரைவரைப் பிடித்துக்கொண்டார். புருஷனைக் கவனித்தால் ரோசம்மாவைப் போலக் கவனிக்க வேண்டும் என்று கோயிலில் சாமியாரே சொன்னார். அதை வந்து சொன்னபோது ரெஜினோல்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் கிளினிக்கில், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டதாம். காலையும் மாலையும் தாங்கிப் பிடித்து நடக்க வைத்தால் டிசம்பரில் வரும் நத்தார்ப் பண்டிகைக்குள் தானாகவே நடப்பாராம். வெளியே வந்ததும், "என்னா சொன்னாங்க?" என்று ஆசையோடு கேட்டார். இனிமேல் இவ்வளவுதானாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதார். என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

நடக்க வைக்கலாம்தான். ஆனால் பாவம், அவருக்கு வலிக்குமே.