தோள் கேமராவுக்கு ஒரு மெத்தை

சின்ன கேமராவில் ஒரு தொல்லை உண்டு. அதைக் கையில் பிடித்திருப்பவனுக்கு யாரும் வழிவிடுவதில்லை.

இன்ஸ்பெக்டர் ஸார், தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். நன்றி. எனக்குத் தெலுங்கு நன்றாகப் பேச வரும், எழுத வராது. தண்டபாணி குளத்தில் எப்படி இறந்தார் என்பதுதான் உங்களுக்கு வேண்டும். அதற்கு நான் கேமராவிலிருந்து தொடங்கியாக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் பெயர் சாம்பசிவம். ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். மெஷின் ஷாப்பிலிருந்து ஒரு பாகம் வெளியே போக வேண்டுமானால் அதன்மேல் நான் வைத்த பச்சைப் புள்ளி இருக்க வேண்டும். சின்னத் தூரிகையால் வைக்கும் பெயின்ட் புள்ளிதான். அது இருந்தால் பிறகு ஒருவரும் அளந்து பார்க்க மாட்டார்கள். கல்யாணத்தன்று தன் நெற்றியிலும் ஒன்று வைக்காமல் விட்டேனே என்று என் மனைவி ரமணி கேலி செய்வாள்.

தண்டபாணியும் அதே தொழிற்சாலைதான், ஆனால் அலுவலகப் பக்கம். கோயம்புத்தூர்க்காரர். எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்துக்கு நினைவு தெரிந்த நாளாக அவர்தான் தலைவர். நல்ல மனிதர். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அவருக்கும் ஒரு நாளும் வாய்த்தகராறுகூட வந்ததில்லை.

உள்ளங்கையில் அடங்கும் வீடியோ கேமரா ஒன்று வைத்திருந்தேன். சங்கத்தின் பொங்கல் விழா, பஜனை, பிள்ளையார் ஊர்வலம் எல்லாவற்றையும் எடுப்பேன். யாரும் கேட்டு எடுத்ததில்லை. போன வருஷம் பிள்ளையாரைக் குளத்தில் கரைக்கப் போனபோது கேபிள் டிவிக்காரர் ஒருவர் தோளில் பெரிய கேமராவோடு வந்தார். கூட்டம் தானாக விலகி அவருக்கு இடம் கொடுத்தது. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். தண்டபாணி என்னைப் பார்த்து, மைக் கையில் இருப்பதை மறந்துவிட்டு, சொன்னார்:

"ஏனுங்க சாம்பசிவம், அது என்னுங்க, சவரம் பண்ற மிஷினா? உள்ள வைங்க. டிவிக்காரரு எடுக்கறாருல்ல, நடுவுல உங்க கையி வந்தா நல்லா இருக்காதுங்க."

குளக்கரை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தட்டில் போட்ட சாதத்தைத் தொடக்கூட முடியவில்லை. அவர்மேல் கோபம் இல்லை. அந்தக் கேமரா மேல்தான்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். சின்ன கேமராவைத் தோளில் வைப்பது பலரும் நினைப்பதுபோல் ஒரு பலகையும் இரண்டு போல்ட்டும் போடுகிற காரியம் இல்லை. அது எடையே இல்லாத பொருள். எடை இல்லாததால்தான் நடுங்குகிறது. மூச்சு விட்டால் படம் ஆடும். ஒருமுறை ரமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன்னா, காபி கலக்கட்டுமா?" என்று கேட்டாள். சரி என்று தலையை ஆட்டினேன். அன்று எடுத்த படத்தில் துளசிச் செடி பூகம்பம் வந்ததுபோல் குலுங்கியது. தொழில்முறை கேமராக்காரனைப் பாருங்கள், பேசுவான், தலையாட்டுவான், கொசு அடிப்பான். படம் கல்லாக நிற்கும். அந்த நிலைக்கு வர வேண்டும் என்பதுதான் என் நோக்கமாக இருந்தது. வேறு நோக்கம் இல்லை.

அலுமினியச் சட்டம் ஒன்றை வளைத்து, முன்னால் கேமராவை மாட்டினேன். பின்னால் பழைய தராசின் இரும்பு எடைக்கல். இரண்டு கையையும் விட்டாலும் தோளில் அப்படியே நிற்க வேண்டும், அதுதான் சமநிலை. கைப்பிடிக்கு சைக்கிள் கிரிப். கேமராவைச் சுற்றி பிளாஸ்டிக் குழாயை அறுத்துப் பெரிய உடம்பு ஒன்று செய்து கறுப்பு அடித்தேன். மைக்குக்கு ரமணியின் குளியலறை மிதியடியிலிருந்து ஒரு ரோமச் சட்டை. எல்லாம் சரியாக வந்தது. தோள் மட்டும் ஒத்துவரவில்லை.

சோபா ஸ்பாஞ்ச் வைத்தால் சற்று நேரத்தில் அப்பளமாகிவிடும். ரப்பர் வைத்தால் வழுக்கும். அமுங்க வேண்டும், ஆனால் விட்டதும் எழ வேண்டும். அப்படி ஒரு நுரைக்காக அபிட்ஸ், கோட்டி என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் அது என் வீட்டு ஷெட்டிலேயே இருந்தது. பிள்ளையார் ஊர்வலத்துச் சாமான்களைச் சங்கம் என் வீட்டில்தான் போட்டுவைக்கும். கயிறு, பலகை, மணி. அவற்றோடு ஒரு லைஃப் ஜாக்கெட். சங்கத்துக்கு இருந்தது அது ஒன்றுதான். பிள்ளையாரோடு தண்ணீரில் இறங்குபவருக்கு அதை மாட்டுவார்கள்.

அறுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த நுரை என் தோளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது.

வெறும் உறையைத் திருப்பி வைக்க முடியாது. அது முறை இல்லை. ஸ்கூட்டர் துடைக்க வாங்கிய காட்டன் வேஸ்ட் ஒரு மூட்டை கிடந்தது. மெஷின் ஷாப்பில் எண்ணெய் துடைப்பார்களே, அந்த நூல் கழிவு. அதைத் திணித்து, ரமணியின் தையல் மெஷினில் இரட்டைத் தையல் போட்டேன். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காட்டன் வேஸ்ட் எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பது எங்கள் ஷாப்பில் நேற்று சேர்ந்த அப்ரண்டிஸுக்கும் தெரியும். தண்ணீரைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. தையலை இழுத்துச் சோதித்துவிட்டு, பழக்கதோஷத்தில், கழுத்துப் பட்டையில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தேன். நான் சோதித்தது தையலைத்தான். அது கடைசிவரை பிரியவில்லை, நீங்களே பார்த்தீர்கள்.

இந்த வருஷம் சதுர்த்திப் பந்தலுக்குள் அந்தக் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நுழைந்தேன். ஸார், உங்களுக்கு இடுப்பில் துப்பாக்கி இருப்பதால் இது புரியாது. கூட்டம் பிளந்தது. பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். இரண்டு பேர், "ஏ சானல் அண்ணா?" என்று தெலுங்கில் எந்தச் சானல் என விசாரித்தார்கள். தண்டபாணி வேட்டியை இறக்கிவிட்டபடி ஓடிவந்தார்.

"சார், நானு எந்தப் பக்கமுங்க நிக்கோணும்?"

அத்தனை வருஷத்தில் என்னை அவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணோடு ஒட்டியிருந்த ஐபீஸ் மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை.

யோசனை அவருடையது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளையாரைப் பாதுகாப்பாகக் கரைப்பது எப்படி என்று ஒரு சின்னப் படம் எடுத்து, காலனி வாட்ஸாப்பிலும் கேபிளிலும் போட வேண்டும் என்றார். தலைவர் நீரில் இறங்குவார். தடுமாறுவதுபோல் நடிப்பார், கையை ஆட்டிக் கத்துவார். லைஃப் ஜாக்கெட் அவரைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். கரையைப் பார்த்துக் கும்பிட்டு, எல்லோரும் ஜாக்கெட் அணியுங்கள் என்று சொல்வார். கருத்து நல்ல கருத்து. என் ஷெட்டில் இருந்த ஜாக்கெட்டையும் அவரே போய் எடுத்துவந்தார்.

பிள்ளையாரைக் கரைக்கும் நாளன்று குளக்கரையில் அதை மாட்டும்போது ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"என்னங்க சார், போன வருஷம் வெறப்பா இருந்துச்சு, இப்ப மெத்துன்னு இருக்குது?"

நான் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் சொன்னால் நுரையைத் திருப்பிக் கேட்பார்கள். தோள் மெத்தையைப் பிரித்தால் எல்லா போல்ட்டையும் கழற்ற வேண்டும். அந்தச் சமநிலை மறுபடி வருமா என்பது நிச்சயமில்லை. நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கழுத்துப் பட்டையைப் பார்த்துவிட்டார்.

"அட, உங்க பச்சப் புள்ளி இருக்குதே! அப்பறம் என்னுங்க, செரி."

எங்கள் தொழிற்சாலை ஆட்கள் அப்படித்தான். அவர் இறங்கினார்.

முதல் தடவை இடுப்பளவுத் தண்ணீரில் எடுத்தோம். நன்றாகவே நடித்தார், ஆனால் சிரித்துவிட்டார். இன்னொரு தடவை என்றேன். டிவிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாவது தடவை கத்தியது போதவில்லை. கரையில் எங்கள் காலனி முழுக்க நின்றது. மற்றப் பந்தல்களிலிருந்து வந்தவர்களும் தாரை தப்பட்டையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாராவது மூழ்கினால் காப்பாற்றக் கரையில் நிறுத்தியிருந்த நீச்சல்காரர் சலீமும் பார்த்தார். முதல் தடவை பாவம் அவர் பாதித் தண்ணீர் வரை ஓடிவந்துவிட்டார். ஷூட்டிங் என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். எல்லோரும் சிரித்தார்கள். சலீம் வெட்கப்பட்டுப்போய் உட்கார்ந்தார்.

"கனக்குதுங்க சார்," என்றார் தண்டபாணி.

"நனைந்தால் கனக்கும்," என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

மூன்றாவது தடவைக்கு அவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கச் சொன்னேன். முகத்தில் மரநிழல் விழுந்தது, அதனால்தான். அவர் நாலைந்து அடி பின்னால் வைத்தார். சங்கத் தலைவர் அல்லவா, யார் சொல்லியும் கேட்காதவர், நான் கையைக் காட்டக் காட்டப் பின்னால் போனார். வெயில் முகத்தில் விழுந்தது. அழகான முகம் ஸார், அதுவரை எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் குளத்துக்குள் பள்ளம் இருந்திருக்கிறது.

மூன்றாவது நடிப்பு முதல் இரண்டைப்போல் இல்லை. கை ஆட்டியது, கத்தியது, தண்ணீரை விழுங்கியது, என்னைப் பார்த்த பார்வை, எல்லாம் வேறு தரம். கரை கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். "சாம்பசிவம்!" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். சார் என்று சேர்க்கவில்லை. நான் அதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சலீம் குதித்தபோது நேரம் கடந்துவிட்டது. ஜாக்கெட்டோடு அவரைக் கரைக்கு இழுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. ரமணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காபி மட்டும் வருகிறது.

நீங்கள் ஜாக்கெட்டை அறுத்துப் பார்த்தபோது, பழைய சாமான், யார் எப்போது என்ன அடைத்தார்களோ என்றேன். நீங்களும் விட்டுவிட்டீர்கள். உடனே ஏன் குதிக்கவில்லை என்று சலீமைத்தான் கேட்டீர்கள். என் பக்கத்தில் வந்து, "ஷூட்டிங் சல்ரா க்யா ஸாப்?" என்று, ஷூட்டிங்தான் நடக்கிறதா எனக் கேட்டதாகவும், நான் ஆமாம் என்று தலையாட்டியதாகவும் அவர் சொன்னார். என்னைக் கேட்டீர்கள். தலையாட்டவில்லை என்றேன். நீங்கள் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தீர்கள். தோளில் கேமரா வைத்துத் தலையை ஆட்டியிருந்தால் படம் ஆடியிருக்கும், இது ஆடவே இல்லை, ஆகவே சலீம் தன் அசட்டையை மறைக்கப் பொய் சொல்கிறார் என்று எழுதினீர்கள். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டீர்கள். சலீமை உள்ளே வைத்தீர்கள்.

நான் வீட்டுக்குப் போனேன், ஆனால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. நீங்கள் எழுதியது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு தவறு காகிதத்தில் ஏறி, முத்திரை குத்தி, நிரந்தரமாகிவிடப் போகிறதே என்று துடித்தேன். பேச்சை நிறுத்துவதற்கு முன் ரமணி கடைசியாக என்னை மனசாட்சி இல்லாதவன் என்றாள். இல்லாதவன் தானாகவே ஸ்டேஷனுக்குத் திரும்பி வருவானா?

ஆகவே என் வாக்குமூலம் இது. ஜாக்கெட்டில் காட்டன் வேஸ்ட் அடைத்தது நான்தான். புள்ளி வைத்ததும் நான்தான். மூன்றாவது தடவை அவர் நடிக்கவில்லை என்று முதல் முழுக்கிலேயே எனக்குத் தெரியும். சலீம் கேட்டது உண்மை, என் காதில் தெளிவாக விழுந்தது. நான் நன்றாக, இரண்டு தடவை, தலையாட்டினேன்.

அந்தப் பதிவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள் ஸார். தலையாட்டினால் ஆடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.