பேர் ஒட்டின டப்பா

ஹலோ... ஹலோ, பாக்டீரியாவுக்குத் தீனி காய்ச்சற மீடியா ரூமா?... அண்ணே, நான்தான், மேல் மாடி லேப்... ஆமா, ஆமா, பாக்டீரியா செத்துப்போற பொண்ணுதான். அதுவே எனக்குப் பேராயிடுச்சா?... சரி, சிரிக்காதீங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா?... கதவைச் சாத்திட்டு வாங்க...

மூணு மணிக்கு மேடம் ரூம்ல விசாரணை. என்னையும் சுருட்டையையும் கூப்பிட்டிருக்காங்க... என் ரூம்மேட்தான். புகார் குடுத்ததே நான்தான்... எதுக்கு இப்ப ஐயோங்கிறீங்க? மூணு தடவை அண்ணே! மூணு தடவையும் தானா சாகுமா?... நல்ல பொண்ணா? அவளுக்கு நீங்க சர்டிஃபிகேட் குடுக்காதீங்க. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?

...எப்படிக் கொல்ல முடியும்னா? சொல்றேன், கேளுங்க. பாக்டீரியாக்குள்ள நான் ஒரு ஜீனை வெச்சிருக்கேன். அது வேலை செஞ்சா ஒரு புரதம் வரும். அந்தப் புரதம் பாக்டீரியாவுக்கே விஷம்... ஆமா, தன் வீட்டுக்குத் தானே தீ வெச்சுக்கற கதைதான். அதனால ஜீன் வாசல்ல ஒரு காவக்காரன் இருக்கான். அவன் உக்காந்திருக்கற வரைக்கும் புரதம் வராது, பாக்டீரியா பாட்டுக்குப் பெருகிட்டே இருக்கும். நல்லாப் பெருகினப்புறம் நான் ஒரு மருந்து ஊத்துவேன். அவன் எழுந்து போயிடுவான். அதுங்க சாகறதுக்குள்ள புரதத்தை அள்ளிக்கணும்... கரெக்ட். இப்ப நான் ஊத்தறதுக்கு முன்னாடியே எல்லாம் செத்துக் கிடக்கு. அப்ப யாரோ ஊத்தியிருக்காங்கதானே? மருந்து பாட்டில் யார் ஃப்ரீசர்ல இருக்கு தெரியுமா? அவ ஃப்ரீசர்ல!

...அவ என்ன சொல்லுவா, நான் உன் குடுவையைத் தொடவே இல்லைங்கறா. தொட்டியான்னு நான் கேக்கவே இல்லையே! எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற மாதிரி...

அதை விடுங்க. செவ்வாய்க்கிழமை என் டப்பா பவுடரைக் கரைச்சு நீங்க காய்ச்சி வெச்ச மீடியாவை யாரு எடுத்துட்டுப் போனா?... நானா? சரி. அதுக்கு முன்னாடி அவ அந்தப் பக்கம் வந்தாளா?... நல்லா யோசிங்க... அலமாரி சாவி?... உங்க இடுப்புலயேவா? குளிக்கும்போதுமா?... கோவப்படாதீங்க அண்ணே, கேக்கணும்ல. நீங்களும் அவ கட்சியோன்னு...

என்ன வாசனை?... கொதிக்கும்போது பால் வாசனையா? பால் புரதத்துலதான் அந்தப் பவுடரே செய்யறாங்க. எல்லா டப்பாவும் அப்படித்தான்... பொது டப்பாவுல வராதா?... என்னோடதுல மட்டுமா?... இருங்க இருங்க. லேபிளைப் படிங்க... முன்னாடி இல்ல, பின்னாடி. பொடி எழுத்துல இருக்கும்... எழுத்துக் கூட்டியே படிங்க, பரவால்ல...

...திரும்பப் படிங்க.

...லாக்டோஸா?

...இருக்கேன். லைன்லதான் இருக்கேன்... பால்ல இருக்கற சர்க்கரை அண்ணே அது. காவக்காரன் எழுந்து போறதே அந்தச் சர்க்கரையைப் பாத்துத்தான். நான் ஊத்தற மருந்து சும்மா அது மாதிரி வேஷம் போட்டுட்டு வர்றது... ஆமா. யாரும் எதையும் ஊத்தலை. சரியா சுத்தம் பண்ணாத பவுடர். முதல்லருந்தே மீடியாவுலயே இருந்திருக்கு...

அந்த டப்பாவை யாரு கேட்டு வாங்கினதுன்னு சொல்ல வேண்டாம். தெரியும். பொது டப்பாவுல எவளாவது எதையாவது கலந்துடுவான்னு நான்தான் தனியாக் கேட்டேன்... ஆமா, பேரை ஒட்டிப் பூட்டச் சொன்னதும் நான்தான். ஆமா அண்ணே, ஆமா. குத்தாதீங்க.

மணி என்ன?... ரெண்டே முக்காலா? நானே போய் மேடம்கிட்ட சொல்லிடறேன்... திட்டட்டும், வாங்கிக்கறேன். சுருட்டை மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னுதான்...

என்னது?... அங்க வந்தாளா? எப்ப?... நான் போன் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியா?... வெள்ளைப் பேப்பர் எதுக்குக் கேட்டா?... உங்க மேஜையிலயே உக்காந்து எழுதினாளா? என்ன எழுதினா?... பாத்தீங்களா, பாக்கலையா?... தான்தான் ஊத்தினேன்னா?... அவ ஊத்தவே இல்லையே அண்ணே! செய்யாததை எதுக்கு...

ஒத்துக்கிட்டா சீட்டாவது தங்கும்னா?... இல்ல, மேடம் சொல்லலை... நான் சொன்னேன். காலைல கேன்டீன்ல. ஒத்துக்கோ, மன்னிச்சுடச் சொல்றேன், இல்லன்னா உன் படிப்பே போயிடும்னு... அழுதா அண்ணே. நடிக்கிறான்னு நெனச்சேன்.

எந்தப் பக்கம் போனா?... எட்டிப் பாருங்க. வெளில, மேடம் ரூம் வாசல் பெஞ்சுல இருக்காளா?... இருக்காளா! பேப்பர் கையில இருக்கா?... எழுந்துட்டாளா? அண்ணே, ஓடுங்க! அந்தப் பேப்பரைப் பிடுங்குங்க, கிழிச்சுப் போடுங்க. நான் படியிறங்கி வர்றதுக்குள்ள குடுத்துடுவா... போனை வெக்காதீங்க, கையோட எடுத்துட்டு ஓடி அவ காதுக்குக் கேக்கற மாதிரி நீட்டுங்க...

சுருட்டை! ஏய் சுருட்டை! உள்ள போகாதடி! நீ ஒண்ணும் பண்ணலைடி, நான்தான்டி... கேக்குதா?... சுருட்டை!... அண்ணே?... ஹலோ?... ஹலோ?