மரைன் காலேஜ் சவாரி

— ஏன்பா, திருவான்மியூருக்கு நேராப் போகாம பெசன்ட் நகர் பக்கம் எதுக்குத் திரும்பறேள்?

— அந்தாண்ட ரோடு தோண்டிக்கினு கீறாங்கம்மா. மாட்டிக்கினா பேஜாரு. இது சுத்துதான், ஆனா நிக்காம ஓடிக்கினே இருக்கலாம்.

— இதுக்குப் பேர் ஓடறதா? சைக்கிள்காரன் நம்மளத் தாண்டிண்டு போறான். மயிலாப்பூர்ல ஏறறச்சே மணி ஒம்பதே கால். ஆட்டோவுக்கு கேஸ் ரொப்பற க்யூல முக்கால் மணி. இப்போ பத்து நாப்பது. சீட்டுக்குப் பின்னாடி கோதண்டபாணின்னு எழுதியிருக்கே, அது நீங்கதானே? கம்ப்ளெயின்ட் பண்ணிடுவேன்.

— பண்ணும்மா, தப்பே இல்ல. காலேஜுல இன்னா அவசரம்?

— பிள்ளையக் கூட்டிண்டு வரப் போறேன். ஹரின்னு பேர். சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆறது. கப்பல் ஆபீசர் ஆவேன்னு ஒத்தக் கால்ல நின்னான். இன்னிக்கு விடிகாலம்பர போன் பண்ணி, 'முடியலைம்மா, வந்து அழைச்சிண்டு போயிடு'ங்கறான். குரலே சரியில்லை.

— இன்னாத்துக்கு முடியலையாம்?

— ஒண்ணரை மாடி உயரத்துல பலகை போட்டிருக்காளாம். அதுலேர்ந்து நீச்சல் குளத்துல குதிக்கணும். நாலு தடவை ஏறி, நாலு தடவையும் படி வழியாவே இறங்கி வந்துட்டான். இன்னிக்குப் பதினோரு மணிக்குக் கடைசி சான்ஸ். அதுலயும் குதிக்கலைன்னா கப்பல் டிரெயினிங் கிடையாது.

— அப்போ இன்னும் சான்ஸ் கீதும்மா.

— எதுக்கு, எல்லார் முன்னாடியும் அஞ்சாவது தடவை இறங்கி வரதுக்கா? ஆறு வயசுல தெப்பத்தன்னிக்கு கபாலி கோயில் குளத்துல வழுக்கி விழுந்தான். புடவையோட பாய்ஞ்சு தூக்கினேன். அன்னிலேர்ந்து ஆழமான தண்ணின்னாலே அவனுக்கு நடுக்கம்.

— தண்ணிக்குப் பயந்துகினு கப்பலுக்கா போவாரு?

— அதையேதான் நானும் கேட்டேன். 'கப்பல் தண்ணிக்கு மேலதானேம்மா போறது, நான் எதுக்கு உள்ள இறங்கப் போறேன்'னான்.

— அதுவும் கரீட்டுதான். உங்களுக்கு நீச்சல் தெரியுமாம்மா?

— இன்னிவரைக்கும் தெரியாது.

— தெரியாமயே குதிச்சீங்களா?

— அந்த நேரத்துல யாராவது யோசிப்பாளா? ஏன்பா, எதுக்கு ஓரம் கட்டறேள்?

— டயர்ல காத்து கம்மியா கீதும்மா. ரெண்டே நிமிசம்.

...

— அரை மணி ஆச்சு உங்க ரெண்டு நிமிஷம். இன்னொரு தடவை நிறுத்தினேள்னா இறங்கி வேற ஆட்டோ பிடிச்சிண்டு போயிடுவேன். பிரின்சிபாலுக்கு லெட்டரே எழுதிக் கொண்டு வந்துட்டேன். 'என் மகனை விடுவித்து அனுப்பவும், இப்படிக்கு, ஜெயஸ்ரீ விஜயராகவன்.' குடுத்தா தீர்ந்தது.

— குடுத்துட்டா திரும்ப சேத்துக்குவாங்களா?

— மாட்டா. சேர்க்கவும் வேண்டாம். அங்க நிஷான்னு ஒரு சீனியர் இருக்கா, ராட்சசி. அஞ்சு மணிக்கு எழுப்பி ஓட விடறா. ஷூவுல மூஞ்சி தெரியலைன்னா மறுபடி ஓட விடறா. பொண்ணை எப்படித்தான் வளர்த்தாளோ.

— அப்பன்காரன் கொஞ்சம் செல்லம் குடுத்துட்டான் போலகீது.

— இருங்கோ, போன் அடிக்கறது. புது நம்பர். இரைச்சல்ல கேக்காது, ஸ்பீக்கர்ல போடறேன். ஹலோ?

— அம்மா, ஹரி. எங்க இருக்கே?

— திருவான்மியூர் சிக்னல்டா. வந்துண்டே இருக்கேன். பெட்டியக் கட்டிட்டியா?

— குதிச்சுட்டேன்மா.

— என்னடா சொல்றே?

— 'உங்க அம்மா வந்து சேர இன்னும் நேரம் இருக்கு, ஒரே ஒரு தடவை குதிச்சுட்டு அப்புறம் பெட்டியக் கட்டு'ன்னு நிஷா மேடம் சொன்னா. கண்ணை மூடிண்டு குதிச்சுட்டேன். மூக்கெல்லாம் தண்ணி. ஆனா தானா மேல வந்துட்டேன்மா. ஓரம் வரைக்கும் நீந்திட்டேன். அப்புறம் சும்மாவே ரெண்டு தடவை குதிச்சேன்.

— சும்மாவேவா?

— நல்லா இருந்தது. இது மேடம் போன், திருப்பிக் குடுக்கணும். நான் ஆத்துக்கு வரலைம்மா. நீ வந்து பார்த்துட்டுப் போ. வெச்சுடறேன்.

— ஹரி... வெச்சுட்டான்.

— அழுவுறீங்களாம்மா?

— இல்லையே. தலையத் துவட்டினியான்னு கேக்க மறந்துட்டேன்.

— லெட்டரு?

— இதோ, கிழிச்சாச்சு. ஏன்பா, போற வழியில ஸ்வீட் கடை இருந்தா நிறுத்துங்கோ.

— இப்போ நிறுத்தலாமா?

— நிறுத்தலாம். அந்தப் பொண்ணுக்கு ஏதாவது வாங்கிண்டு போகணும். மைசூர்பா பிடிக்குமோ என்னவோ.

— ஜாங்கிரி வாங்கிக்கோம்மா. அதான் பிடிக்கும் அவளுக்கு.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நான் பெத்த பொண்ணாச்சே. காலீல போன் பண்ணி, 'நைனா, மயிலாப்பூர்ல இந்தத் தெருமுனையில போய் நில்லு, ஒம்பது மணி வாக்குல ஒரு அம்மா ஆட்டோ தேடிக்கினு வருவாங்க, பதினோரு மணி ஆவாம மட்டும் அவங்கள இங்க இட்டாந்துடாத'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.